ராகுவுக்கு மரியாதை, மாட்டிறைச்சிக்குக் கறுப்புப் பை

பாஸ்தாவுக்குள்ளே போய்விட்டால் மாட்டிறைச்சிக்கு எங்கிருந்தோ ஒரு மரியாதை வந்துவிடுகிறது. லயத்துச் சட்டிக்குள்ளே இருந்தால் அதே இறைச்சி சாதியாகிவிடுகிறது. இந்தக் கட்டுரையில் நான் சண்டை பிடிக்கப் போவது இதோடுதான். இடையிலே ஒரு சமையலும் வரும், பொறுத்துக்கொள்ளுங்க.

கொழும்பில் ஒரு கடை 'பீஃப் ராகு' என்று பலகையில் எழுதி, கீழே சின்ன எழுத்தில் 'நான்கு மணித்தியாலம் மெதுவாக வேக வைத்தது' என்று போட்டால் போதும். மலையகத்திலிருந்து வேலைக்குப் போன நம்ம பிள்ளைகளே படம் எடுத்து ஸ்டோரி போடுகிறார்கள். கீழே நூறு இதயம் விழுகிறது. அதே பிள்ளை தீபாவளிக்கு முந்திய வாரம் ஊருக்கு வந்து, பதுளை டவுனில் அரைக் கிலோ இறைச்சி வாங்கினால் என்ன நடக்கிறது? கடைக்காரர் கேட்காமலேயே பத்திரிகைத் தாளில் சுற்றி, கறுப்பு ஷொப்பிங் பேக்கில் போட்டு, அதை இன்னொரு பேக்குக்குள் இறக்கித் தருகிறார். மேலே ஒரு கட்டு லீக்ஸை வைத்து மூடிக்கொண்டு பசறை பஸ்ஸில் ஏறுகிறோம். வீட்டுக்குப் போனதும் முதல் வேலை யன்னலைச் சாத்துவது. மசாலா வாசம் கூட வந்தால் பரவாயில்லை, பக்கத்துக் காம்பராவுக்கு அந்த வாசம் மட்டும் போகக்கூடாது.

பேரைக் கூட யாரும் சொல்ல மாட்டார்கள். தமிழ்நாட்டில் 'பெரிய கறி' என்று சுற்றி வளைப்பார்கள். நம்ம பக்கம் 'பீஃப்' என்று ஓர் ஆங்கிலச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்கிறோம். 'கோழி சமைச்சோம்' என்று சொல்கிற வாய் 'மாடு சமைச்சோம்' என்று சொல்லும்போது மட்டும் ஏன் ஒருதரம் சுற்றிப் பார்க்கிறது?

இது சமயம் சம்பந்தப்பட்ட விசயம், பசு நமக்குத் தெய்வம் என்று உடனே பதில் வரும். சரி, தெய்வத்திலிருந்தே தொடங்குவோம். தோட்டத்து மக்களின் தெய்வங்கள் யார்? முனியாண்டி, மாடசாமி, ஃபெக்டரி சக்கரத்தைக் காக்கிற ரோதமுனி, கவ்வாத்துக் கத்தியோடு வந்த கவ்வாத்துசாமி. இவர்களுக்கு ஆடும் சேவலும் வெட்டிப் பொங்கல் வைத்துத்தான் மூன்று நான்கு தலைமுறை இந்த மலையில் பிழைத்தது. நம்ம தெய்வங்கள் எப்போது சைவமானார்கள் என்று கேட்டால், கோயிலுக்குப் புதுக் கோபுரம் வந்தபோது, வெளியிலிருந்து ஐயர் வந்தபோது, 'பலி நாகரிகமில்லை' என்று யாரோ மைக்கில் பேசியபோது என்று சொல்லலாம். மாட்டிறைச்சி மேலுள்ள அருவருப்பும் அந்த வண்டியில்தான் ஏறி வந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஏறும்போது சாதியைக் கீழே விட்டுவிட்டு வரவில்லை.

அம்பேத்கர் 1948இல் தீண்டப்படாதவர்கள் யார், அவர்கள் ஏன் தீண்டப்படாதவர்கள் ஆனார்கள் என்று ஒரு நூல் எழுதினார். தீண்டாமையின் வேரை மாட்டிறைச்சி உண்பதோடு இணைத்தார் அவர். மற்றவர்கள் விட்டுவிட்ட பிறகும் செத்த மாட்டின் இறைச்சியைத் தின்றவர்கள் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டார்கள் என்பது அவருடைய வாதம். வரலாற்றாசிரியர்கள் அதிலுள்ள ஒவ்வொரு படியையும் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். ஆனால் 'மாடு தின்கிறவன்' என்ற வசவு யாரை நோக்கிப் போகிறது என்பதைத் தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கோப்பிக் காலத்திலிருந்து கங்காணிகள் ஆள் கட்டி இங்கே கூட்டி வந்தவர்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். சாதி கடலைத் தாண்டாது என்று சிலர் சொல்லிக்கொண்டிருக்க, ஆர். ஜெயராமன் மூன்று தேயிலைத் தோட்டங்களை ஆராய்ந்து 1975இல் வெளியிட்ட நூலின் தலைப்பே இலங்கையில் சாதியின் தொடர்ச்சி என்பதுதான். அந்தத் தொடர்ச்சி இன்றைக்கு வேறு சட்டை போட்டிருக்கிறது. நேராக 'என்ன ஆள்?' என்று கேட்க வெட்கப்படுகிற இடத்தில் 'வீட்ல மாடு சாப்பிடுவீங்களா?' என்று கேட்கிறார்கள். போடிங் தேடும்போதும் கேட்கிறார்கள், கல்யாணப் பேச்சிலும் கேட்கிறார்கள். பதிலைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்வதில்லை, 'யோசிச்சுச் சொல்றோம்' என்று மட்டும் சொல்வார்கள்.

அதனால்தான் 'ராகு' என்ற சொல் இவ்வளவு வசதியாக இருக்கிறது. அந்தச் சொல்லுக்குச் சாதி கிடையாது. (நம்ம ஊரில் ராகு என்றால் காலண்டரில் ஒன்றரை மணித்தியாலம் நல்ல காரியம் செய்யக்கூடாது என்கிறவர். அவரும் இவரும் வேற.) இத்தாலிப் பேர் போட்டதும் தட்டில் இருப்பது சேரியிலிருந்தோ லயத்திலிருந்தோ வந்ததில்லை, விமானத்தில் வந்தது என்று ஆகிவிடுகிறது.

ஆனால் அந்தச் சாப்பாடு உண்மையில் என்ன? சப்பக் கஷ்டமான, விலை குறைந்த சதையைச் சாப்பிடக்கூடியதாக ஆக்குகிற ஒரு வழி. பொலோனியா நகர வர்த்தக சங்கத்தில் 1982இல் பதிவு செய்த ராகு செய்முறையில் சொல்லியிருக்கிற இறைச்சியும் மாட்டின் வயிற்றுப் பக்கத்து முரட்டுச் சதைதான். நாப்போலியில் 'ஜெனோவேசே' என்று இன்னொன்று இருக்கிறது. இறைச்சியின் எடைக்குச் சமமாகவோ அதற்கும் மேலாகவோ வெங்காயம் போட்டு, வெங்காயமே குழம்பாகும் வரை வேக விடுவார்கள். கொஞ்ச இறைச்சியை நிறையப் பேருக்குப் பங்கு வைக்கிற புத்தி அது. நம்ம அம்மாமார் கால் கிலோ இறைச்சிக்குள் அரைக் கிலோ உருளைக்கிழங்கை வெட்டிப் போடுகிற அதே புத்தி.

இத்தாலியக் கிராமமே தினமும் ராகு சாப்பிட்டுச் சந்தோசமாக இருந்தது என்கிற ரீல்ஸ் கதையையும் நம்பாதீங்க. 19ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியின் ஏழை விவசாயிகள் சோளமாக் களியையே மூன்று வேளையும் தின்று பெல்லக்ரா என்ற நோயில் விழுந்தார்கள். நயாசின் என்ற விட்டமின் இல்லாமல் தோல் உரிந்து, புத்தி பேதலித்துச் செத்தார்கள். இறைச்சி தட்டுக்கு வந்ததும் அந்த நோய் போனது. ஒரே மாவை மூன்று வேளையும் தின்பது எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் வந்து விளக்க வேண்டியதில்லை. காலையில் ரொட்டி, மலைக்குக் கட்டிக்கொண்டு போவதும் ரொட்டி, இராத்திரிக்கு முடிந்தால் சோறு.

இலங்கையின் 2016 மக்கள்தொகை, சுகாதார ஆய்வைப் பாருங்க. வயதுக்கேற்ற உயரம் இல்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதிலும் 17.3 சதவீதம், தோட்டப் பகுதியில் 31.7 சதவீதம். இதற்கு மாட்டிறைச்சிதான் ஒரே மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. முட்டை, பால், மீன், பருப்பு எல்லாம் வேண்டும், அதற்கு முதல் சம்பளம் வேண்டும். ஆனால் இரும்புச்சத்தில் மட்டும் ஒரு விசயம் இருக்கிறது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வதைச் சாப்பாட்டோடு குடிக்கிற தேயிலைச் சாயம் நன்றாகவே தடுக்கிறது. சிவப்பு இறைச்சியில் உள்ள இரும்பில் பெரும் பகுதியை அவ்வளவு தடுப்பதில்லை. நாள் முழுக்க நாம் பறிக்கிற கொழுந்து, ரொட்டியோடு குடிக்கிற பிளேன்டீயாக வந்து, நம்ம வீட்டுக் கீரையின் சத்தை நம்மிடமிருந்தே பிடுங்குகிறது. இப்படிப்பட்ட ஜனத்திடம் போய் இருக்கிற நல்ல சாப்பாடுகளில் ஒன்றைக் காட்டி 'அது அசிங்கம்' என்று சொல்லிக் கொடுத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் வராமல் யாருக்கு வரும்?

அரசாங்கமும் இந்த இரட்டை நாக்கோடுதான் பேசியது. 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடை செய்யும் யோசனையைப் பிரதமர் மகிந்த ராஜபக்ச கொண்டுவந்தார், அமைச்சரவை ஒத்துக்கொண்டது. 2021இல் 1893ஆம் ஆண்டின் மாடறுப்புக் கட்டளைச் சட்டத்தையும் 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டத்தையும் திருத்த அனுமதி கொடுத்தார்கள். அந்த யோசனையில் ஒரு வரி இருந்தது: மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்களுக்காக வெளிநாட்டிலிருந்து இறைச்சி இறக்குமதி செய்யலாம். ஒருதரம் நிதானமாக வாசியுங்க. இங்கே பிறந்த மாட்டின் உயிர் புனிதம், அவுஸ்திரேலியாவில் பிறந்த மாட்டுக்கு அந்தப் புனிதம் இல்லை! ஐஸ் பெட்டியில் வருகிற இறைச்சியை வாங்கப் போவது யார்? ஹோட்டல்களும் சுப்பர் மார்க்கெட்டும். பதுளைக் கடையில் அரைக் கிலோ வாங்குகிற ஆள் இல்லை. 'ராகு' பிழைக்கும், கறுப்புப் பைக்குத்தான் தடை.

அந்தச் சமயத்தில் நம்ம ஆட்கள் சிலர் கை தட்டினார்கள், 'பௌத்தரும் இந்துவும் இந்த விசயத்தில் ஒண்ணு' என்று. கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்க. 2013இல் பொது பல சேனா ஹலாலுக்கு எதிராகக் கிளம்பிய அதே ஆண்டு வெசாக் நாளில், கண்டி தலதா மாளிகைக்கு வெளியே ஒரு பிக்கு மாடறுப்புக்கு எதிராகத் தன் உடலில் தீ வைத்துக்கொண்டார். ஓர் உயிர் அநியாயமாகப் போனது. ஆனால் அந்த அலை முழுக்க யாரை நோக்கித் திரும்பியது? இறைச்சிக் கடை வைத்திருக்கும் முஸ்லிம்களை. 2018இல் சாவகச்சேரியில் சிவசேனை மாடறுப்புக்கு எதிராகப் போராட்டம் நடத்தியபோதும் திசை அதேதான். பதுளை டவுனில் நமக்கு இறைச்சி வெட்டித் தருகிறவர், பணம் குறைந்தால் 'நாளைக்குத் தாங்க' என்கிறவர், ஒரு முஸ்லிம் நானாதான். அவருடைய கடைக்குப் பூட்டுப் போடுகிற சட்டத்துக்குக் கை தட்டிவிட்டு, கொழும்பில் போய் ராகு சாப்பிடுவது எந்த வகைப் புனிதம்?

தமிழ்நாட்டுக் கூத்து இன்னும் வெளிப்படை. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகமே பிரியாணித் திருவிழா நடத்தப் போவதாக அறிவித்தது. ஆம்பூர் என்றாலே பிரியாணி, அந்த ஊரில் மாட்டிறைச்சிப் பிரியாணி தலைமுறையாக விற்கிறது. திருவிழாவில் அதற்கு மட்டும் இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு வந்தது, ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. கடைசியில் மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளி வைத்துவிட்டார்கள். மாட்டைத் தட்டில் வைப்பதை விட மழை வந்ததே நல்லது என்று யாரோ பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

எதிர்த்துப் பேசுகிறவர்கள் சொல்வதில் ஒன்றை மட்டும் நான் உண்மையாகவே மதிக்கிறேன். லயத்துக்குப் பின்னால் மாட்டுப்பட்டி வைத்து, காலையில் பால் கறந்து விற்று, அந்தக் காசில் பிள்ளையைப் படிக்க வைத்த ஒரு அக்கா, 'இதுக்குப் பேர் வச்சுக் கூப்பிட்டுட்டு எப்பிடிச் சாப்பிடுறது?' என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, இருக்கவும் தேவையில்லை. அவர் சாப்பிட வேண்டாம். வள்ளலார் வழியில் எந்த உயிரையும் தொடாதவரும் சாப்பிட வேண்டாம். மாடு வளர்ப்பு சூழலுக்குச் செய்கிற கெடுதலைக் கணக்குப் போட்டு விட்டவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதே மாட்டுப்பட்டியில் பிறக்கிற காளைக் கன்றும் பால் வற்றிய கிழட்டு மாடும் எங்கே போகின்றன? வியாபாரி வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு போகிறார். எங்கே கொண்டு போகிறார் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. விற்ற காசில் தீட்டு இல்லை, சமைத்த வீட்டுக்குத்தான் தீட்டு.

இன்னொரு பக்கமும் பேச வேண்டும். 'மெதுவாகச் சமைப்பது ஒரு தியானம்' என்று எழுதுகிற உணவுப் பிரியர்களின் பக்கம். நான்கு மணித்தியாலம் யாருடையது? கொழுந்து எடுக்கிற அம்மா விடிய முன்னே எழும்பி, பிரட்டுக்குப் போய், மலை ஏறி, நிறுத்த கிலோ குறைந்தால் அரைப் பேர் வாங்கி, பின்னேரம் வந்து அடுப்பு மூட்டுகிறார். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய். 2026 வரவு செலவுத் திட்டத்தில் அது 1550 ஆகி, வேலைக்கு வந்தால் அரசு தரும் 200 சேர்ந்து 1750. ஒரு முழு நாள் உழைப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் ஒரு கிலோ இறைச்சி வராது. அவருக்குக் கிடைக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையும் உடுப்புத் துவைக்கவும் விறகு சேர்க்கவும் போய்விடும். ஆகவே இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு எந்தப் பொடியனாவது 'அம்மா, ராகு செஞ்சு தாங்க' என்று கேட்டால் நான் இதை எழுதியதில் ஒரு பிரயோசனமும் இல்லை. அடுப்பில் நிற்க வேண்டியது நீதான், மச்சான்.

சரி, எப்படிச் சமைப்பது. அரைக் கிலோ இறைச்சி, கடையில் கேட்கும்போது பேரைச் சொல்லியே கேளுங்க. காலுக்கு மேலுள்ள சதை, அல்லது நெஞ்சுப் பக்கம். வெட்டினால் நடுவில் வெள்ளையாக நரம்பு ஓடுகிற துண்டு. விலை கூடிய மெதுவான துண்டு இதற்குச் சரி வராது, காய்ந்து போகும். அந்த வெள்ளை நரம்பில் இருக்கிற கொலாஜன்தான் மணிக்கணக்காகச் சூட்டில் இருந்து உருகி ஜெலட்டினாகி, குழம்பு உதட்டில் ஒட்டுகிற மாதிரி ஆக்குகிறது. பெரிய துண்டாக வெட்டி, உப்புப் போட்டு, காய்ந்த சட்டியில் எண்ணெய் விட்டு நான்கு பக்கமும் கறுத்த பழுப்பாகும் வரை பொரித்து எடுங்க. அவசரப்பட்டுக் கிளறினால் தண்ணீர் விட்டு அவிந்துவிடும், விடுங்க, தானாகப் பிடி விடும்.

அதே சட்டியில் வெங்காயம், கேரட், செலரி. இத்தாலிக்காரரின் ராகுவுக்கு அடித்தளமே இந்த மூன்றும்தான். கேரட்டும் செலரியும் வெலிமடைப் பக்கம் விளைகிறது, கெப்பட்டிபொல சந்தையிலிருந்து லொறி லொறியாகக் கொழும்புக்குப் போகிறது. நம்ம மலையிலே விளைந்ததைப் போட்டுச் சமைத்துவிட்டு வெளிநாட்டுச் சாப்பாடு என்கிறார்கள்! பொடியாக வெட்டி, பொன்னிறத்துக்கு வதக்கி, உள்ளி நான்கு பல், தக்காளி நான்கைந்து, கறுவா இலை இருந்தால் ஒன்று. வைன் ஊற்றச் சொல்வார்கள். எனக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் போதும், புளிப்புத்தான் வேண்டும். மிளகாய்த்தூள் போடலாமா என்று கேட்டால், பொலோனியாக்காரர் வந்து பார்க்கப் போவதில்லை, போடுங்க. இறைச்சியைத் திரும்பப் போட்டு, பாதி மூழ்கத் தண்ணீர் விட்டு மூடுங்க.

இனி நெருப்பு. காஸில் மூன்று மணித்தியாலம் வைக்க இங்கே யாருக்கும் கட்டாது, 2022இல் சிலிண்டருக்காக வரிசையில் நின்ற நாட்களை யாரும் மறக்கவில்லை. ஆனால் கவ்வாத்து மலையில் பொறுக்கிய மிளாறு எரிந்து முடிந்து தணலாகக் கிடக்கிற விறகடுப்பும் ஒரு மண்சட்டியும் இந்தச் சமையலுக்கென்றே செய்த மாதிரி. நெருப்பைத் தள்ளிவிட்டு, தணலை மட்டும் சட்டிக்குக் கீழே இழுத்துவிட்டால் 'பொளக் பொளக்' என்று எப்போதாவது ஒரு குமிழ் வரும், அவ்வளவுதான் வேண்டும். ஹப்புத்தளை மாதிரி 1400 மீற்றருக்கு மேலே இருக்கிற தோட்டங்களில் தண்ணீர் 95 பாகையளவிலேயே கொதித்துவிடும். சோறும் பருப்பும் வேக நேரம் எடுக்கிறதே என்று திட்டுகிறோம், இந்தச் சட்டிக்கு அது ஒரு குறையே இல்லை, கொஞ்சம் கூட நேரம் வையுங்க. நேரம் இல்லாதவர்கள் பிரஷர் குக்கரில் நாற்பது நிமிடம் வைத்து, பிறகு திறந்து குழம்பை வற்ற விடலாம். ருசி கொஞ்சம் குறையும், விறகு மிச்சம்.

பாஸ்தாவுக்கு டவுனில் விற்கிற மக்ரோனி போதும். அதுவும் வேண்டாமென்றால், சியெனா பக்கத்தில் பிச்சி என்று ஒன்று செய்கிறார்கள் (நம்ம காதுக்குப் பிச்சுப் போட்டது மாதிரியே கேட்கிறது). கோதுமை மாவும் தண்ணீரும் பிசைந்து, தடித்த கயிறு மாதிரி உள்ளங்கையில் உருட்டி எடுப்பது. முட்டை கூடத் தேவையில்லை. ரொட்டிக்குப் பிசைகிற மாவையே தேங்காய்ப்பூப் போடாமல் இறுக்கிப் பிசைந்து, அரை மணித்தியாலம் மூடி வைத்து உருட்டினால் வந்துவிடும். உப்புப் போட்ட கொதி தண்ணீரில் அவித்து, வடிக்கும்போது ஒரு கோப்பைத் தண்ணீரை எடுத்து வைத்துக் குழம்பில் சேர்த்துக்கொள்ளுங்க, ஒன்றோடொன்று ஒட்டும். இறைச்சியைக் கரண்டிக் காம்பால் அழுத்தினால் நூல் நூலாகப் பிரிய வேண்டும். பிரியாவிட்டால் இன்னும் அரை மணித்தியாலம் வையுங்க.

அந்த நேரம் முழுக்க யன்னலைத் திறந்தே வையுங்க. வாசம் தொங்கல் காம்பரா வரைக்கும் போகும். இஸ்தோப்பில் யாராவது வந்து நின்று 'என்ன வாசம்?' என்று கேட்டால் 'மாட்டிறைச்சி' என்று சொல்லுங்க, பீஃப் என்று சொல்லாதீங்க, ராகு என்றும் சொல்லாதீங்க. சாப்பிடுகிறவராக இருந்தால் ஒரு கோப்பையில் போட்டுக் கொடுங்க. சாப்பிடாதவராக இருந்தால் ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுங்க. மிச்சம் இருந்தால் சட்டியோடு மூடி வைத்து, மறுநாள் நன்றாகக் கொதிக்க வைத்து ரொட்டியோடு தொட்டுச் சாப்பிடலாம், முதல் நாளை விட அதுதான் ருசி.